வாசல் தெளிக்காத வீடு

எனக்குப் பொறுமை எந்த வயதிலும் இருந்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவர் தன் பழைய வீட்டின் முன்சுவரைப் புதுப்பிக்க என்னை அழைத்தார். நான் தனியாக எடுத்த முதல் கொத்து வேலை அது. உதிர்ந்துபோன சுண்ணாம்புக்குப் பதில் திரும்பவும் சுண்ணாம்பே பூச வேண்டும் என்றார். சுண்ணாம்பு ஊற வாரக்கணக்காகும். ஐப்பசி மழையோ தலைக்குமேல் நின்றது. எனக்குக் கை பரபரத்தது. சிமெண்டுதான் உறுதி என்று பேசிச் சம்மதிக்க வைத்து, நாலே நாளில் பூசி முடித்தேன். தெருவே மெச்சியது. எதிர்வீட்டுக்காரரும் தன் சுவரை என்னிடம் ஒப்படைத்தார்.

மழை விட்டும் அந்தச் சுவரின் உள்பக்கம் காயவில்லை. அதையொட்டித்தான் தறி. பட்டு நூலில் பூசணம் பிடித்தது, சரிகை கறுத்தது. தொட்டுப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. தரையிலிருந்து ஏறும் ஈரம் அதுவரை சுண்ணாம்பு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த வழியைத்தான் நான் அடைத்துவிட்டிருந்தேன். வாய் திறப்பதற்குள் நெசவாளி தன் மனைவியைக் கை காட்டினார்.

"எல்லாம் இவளாலதான் மேஸ்திரி. விடிஞ்சா வாசல்ல குடம் குடமா தண்ணி கொட்டிக்கினு இருக்குறா. செவுரு ஊறாம என்னா பண்ணும்?"

"நீயே சொல்லுபா, வாசத் தெளிக்கிற தண்ணியா இம்மாம் ஒசரம் ஏறும்?" என்றார் அந்த அம்மாள்.

"இருக்கலாம்" என்றேன். சீ, எப்படித்தான் நாக்கு வந்ததோ!

மறுநாளிலிருந்து அந்த வாசலில் தண்ணீர் இல்லை, கோலம் இல்லை. எழவு வீடுதான் அப்படிக் கிடக்கும். "யாருக்கு என்னாம்மா ஆச்சு?" என்று போவோர் வருவோரெல்லாம் கேட்க, அந்த அம்மாள் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். எதிர்வீட்டுச் சாரத்தில் நின்ற எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏறினேன், இறங்கினேன், பீடியைப் பற்றவைத்துப் பாதியில் எறிந்தேன். ஆனால் வாயை மட்டும் திறக்கவில்லை.

எட்டாம் நாள், கூரம் கிராமத்திலிருந்து அந்த அம்மாளின் அண்ணன் வந்தார். யாரோ பேருந்தில் சொன்னதைக் கேட்டு, கையில் மாலையோடு, அழுதுகொண்டே வந்தார். தங்கை உயிரோடு வாசலில் நிற்பதைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாரத்திலிருந்து குதித்து ஓடினேன். "தப்பு என்னுதுமா. தண்ணி இல்ல, என் சிமெண்டு" என்றேன்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எட்டு நாளா ஒவ்வொருத்தருக்கும் நான் பதில் சொன்னேன். இனிமே வீடு வீடா நீ போய் சொல்லு."

எதிர்வீட்டிலிருந்து தொடங்கினேன். அங்கே பாதிச் சுவருக்கு அதே சிமெண்டைப் பூசியிருந்தேன்.