அணைத்தால் எழுமா?

மருத்துவமனையில் இரத்தம் பரிசோதிக்கும் அக்காவுக்கு அன்று கருவியிலிருந்து முடிவு வரவில்லை. கருவியின் பழைய மென்பொருள், ஒரு பழைய கணினிக்குள் அதன் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டு தனிக் கணினிபோல் இயங்கும் மெய்நிகர் கணினியில்தான் ஓடும். வேகம் கூடட்டுமென்று முந்தின நாள் அவளே எட்டு ஜிபி நினைவகத்தில் ஏழு ஜிபியை அதற்குக் கொடுத்திருந்தாள். இப்போது திரை அசையவே இல்லை. அங்கே கிடக்கும் நோயாளியின் முடிவைக் கேட்டு அறுவை அறையிலிருந்து மூன்றாவது முறையாக ஃபோன் வந்துவிட்டது.

கணினி பழுதுபார்க்கும் தம்பியை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"எட்டுல ஏழு ஜிபிய உள்ள குடுத்துட்டா, வெளிய இருக்கற கம்ப்யூட்டர் எப்படிக்கா மூச்சு விடும்? அணைச்சுப் போட்டு, நாலாக் குறை."

"திரும்ப வரலைன்னா?"

"இப்ப மட்டும் ஓடுதா?"

அணைத்தாள். மறுபடி போட்டு, நாலாகக் குறைத்துவிட்டு, மென்பொருளைத் திறந்தாள். மென்பொருள் எழுந்தது, முடிவும் வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள். நோயாளி பிழைத்தார்.

அதன்பின் பல மாதம், அந்தக் கணினியை அணைக்கப்போனாலே அவளுக்கு நெஞ்சு படபடத்தது.