வெட்டிய ஸ்பிரிங்கும் அக்காவின் தையலும்

காரில் நானும், ஆபரேஷனில் பிள்ளை பெற்று வீடு திரும்பிக்கொண்டிருந்த அக்காவும், கைக்குழந்தையும் இருந்தோம். அந்தக் காரின் ஸ்பிரிங்கை வெட்டிய நெல்லித்தோப்பு மெக்கானிக் அதில் இல்லை. அவர் அல்லவா இருந்திருக்க வேண்டும்!

எங்கள் பழைய கார் வளைவில் ஆடுகிறது என்று முன்பு அவரிடம் சொல்லியிருந்தேன். ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் தேய்ந்திருந்தது; அதை மாற்றாமல், ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து வண்டியைத் தாழ்த்தி, "இனிமே ரேஸ் கார் மாதிரி திரும்பும் தம்பி" என்றார். திரும்பியது. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான், அந்த நானே நம்பிப் பூரித்துப்போனேன்.

அக்காவை அழைத்து வந்த அன்று, முதலியார்பேட்டை வேகத்தடையில் குட்டையான ஸ்பிரிங் அதிர்வைத் தாங்காமல் வண்டி தூக்கிப்போட்டது. "டேய் நிறுத்துடா, தையல் விட்டுடுச்சு!" என்று அக்கா அலறினாள். ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினோம், மறுபடி தைத்தார்கள்.

கேட்டதற்கு மெக்கானிக், "பச்சை ஒடம்புக்காரிய யாரு அதுல ஏத்தச் சொன்னது?" என்றார்.

இப்போதெல்லாம் மெக்கானிக்கை ஓட்டவிட்டு, நான் பின்சீட்டில் உட்கார்ந்து வேகத்தடை ஏறிப் பார்த்த பிறகே கூலி கொடுக்கிறேன்.

புது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், மறுதையல் எல்லாமாக எங்களுக்குப் போனது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.