வெயிலுக்கு நகர்ந்த சிலிண்டர்

நேற்று பீட்ரூட் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டேன். விரலைக் குழாயில் காட்டிக்கொண்டே அந்தப் பீட்ரூட் துண்டைப் பார்த்துச் சிரித்ததில், இவளுக்கு முற்றிவிட்டது என்று வீட்டுக்காரர் முடிவே கட்டியிருப்பார். ஊட்டி பீட்ரூட் பொரியலுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர் அவர். நான் அதை வைத்து ஒரு டாக்டரோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

சோலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் நர்ஸ் வேலை. தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம். எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அதில் ஒரு நாளை விட்டுவிட்டு ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தால், மறுபடி வருவாள் என்று நம்ப முடியாது. மாதம் ஒருமுறை கீழேயிருந்து டாக்டர் ஜீப்பில் வருவார். கர்ப்பப்பை வாயில், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய புண் இருந்தால், அதை உறையவைத்து அழிக்கும் கருவி எங்களிடம் இருந்தது. ஒரு கேஸ் சிலிண்டர், அதிலிருந்து குழாய், குழாயின் நுனியில் காசளவு உலோக முனை. முனையின் விளிம்பைத் தாண்டியும் பனி படர வேண்டும். இல்லாவிட்டால் புண்ணின் ஓரம் தப்பித்து உள்ளுக்குள் வளரும்.

குளிரவைக்கிற மெஷினுக்குக் குளிர் நல்லதுதானே என்று சிலிண்டரை வடக்குப் பக்க அறையில், ஜன்னலையும் திறந்து வைத்திருந்தோம். அந்தப் புத்திசாலித்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு ஜனவரி காலை. முதல் ஆளாக வந்திருந்தவர் செல்லம்மாக்கா, கிளென்மார்கன் பக்கம் கொழுந்து பறிப்பவர். சிலோனிலிருந்து வந்த குடும்பம். என்னை ‘மிஸி’ என்பார். அங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவரை உள்ளே அழைக்கும் முன் சிலிண்டரில் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். பச்சைக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. சமையலறைக்கு ஓடி ஒரு பீட்ரூட்டை இரண்டாக வெட்டிக் கொண்டுவந்து, முனையை அதில் வைத்துப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகியும் அந்தச் சிவப்பில் முனையைச் சுற்றி வெள்ளையாக ஒரு நூல்தான் படர்ந்தது.

டாக்டர் சிரித்தார். ஊரெல்லாம் வேலை செய்கிற மெஷின் என்றார். காய்கறிக்கு வைத்தியம் பார்க்கும் நர்ஸை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். மத்தியானம் அவர் கூடலூரில் இருக்க வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பீட்ரூட்டை அவர் மேஜையில் வைத்தேன்.

“இது பத்தாதுங்க டாக்டர். இதை வச்சுச் செய்ய உடமாட்டனுங்க.”

அப்படியானால் அடுத்த மாதம் வரச்சொல் என்றார். திரைக்கு அந்தப் பக்கமிருந்த செல்லம்மாக்காவுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“அடுத்த மாசம் எங்க இருப்பேனோ. இன்னைக்கே செய்யணும் மிஸி. ஆனா சரியாச் செய்யணும்.”

அப்போதுதான் சமையலறையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அடுப்பு மந்தமாக எரிகிறதென்று ஆயா கேஸ் சிலிண்டரை வெயிலில் இழுத்து வைத்திருந்தார். குளிரில் கேஸ் சோம்பிவிடுகிறது! காத்திருந்த பெண்கள் நாலு பேர் எங்கள் சிலிண்டரைத் தூக்கி வெளியே வைத்தார்கள். வெயில் விழுந்த இடம் டாக்டரின் ஜீப்புக்கு நேர் முன்னால். அது என் குற்றமில்லை. மர நிழல் நகர நகர அவர்களும் சிலிண்டரை நகர்த்தினார்கள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். எத்தனையோ ஸ்டிரைக்கில் உட்கார்ந்து பழகியவர்கள், அசையவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் முள் பச்சைக்கு ஏறியது. பீட்ரூட்டின் மறுபாதியில் முனையைத் தாண்டித் துவரம்பருப்பு அகலத்துக்குப் பனி படர்ந்தது. டாக்டர் கையுறையை மாட்டினார். அன்று வந்த ஆறு பேருக்கும் செய்தோம்.

டாக்டரை எதிர்த்துப் பேசி ஜீப்பையும் மறித்ததற்காக, மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாகம் என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. எழுதவில்லை. நினைவூட்டி மறுபடி கேட்டது. அப்போதும் எழுதவில்லை.

ஒரு வருடம் கழித்துச் செல்லம்மாக்கா பரிசோதனைக்குத் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். எஸ்டேட்டை மூடிவிட்டார்கள், பனியன் கம்பெனியில் வேலை. புண் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர்தான் என்னைத் தேற்றினார்.

எஸ்டேட் தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகள் இன்று புதருக்குள் போய்விட்டன. ஆஸ்பத்திரி சுற்றுலா விடுதியாகிவிட்டது. உறையவைக்கும் மெஷின் போய், சூடு வைக்கும் மெஷின் வந்துவிட்டது என்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. இருந்து கேட்டாலும் எழுதமாட்டேன்.