மூணுதரம் அக்காவும் மூன்றாம் அறையும்

முதலில், கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் சோதனைக் கருவியை வைத்துப் பார்க்கிறார், விளக்கு எரிகிறது. அடுத்து, சற்றுமுன் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பேனல் பெட்டியின் முனைகளில் வைக்கிறார், எரியவில்லை. வேறு யாராவது என்றால் இந்நேரம் உள்ளே கையை விட்டிருப்பார்கள். இவரோ திரும்பவும் அந்தப் பழைய பிளக்குக்கே போய் ஒருமுறை வைக்கிறார், எரிகிறது. "செத்தது பெட்டியா, கருவியான்னு தெரியணும்ல," என்கிறார், யாரும் கேட்காமலே.

இந்தப் பழக்கத்தால் பிஸ்கட் தொழிற்சாலை முழுவதும் அவருக்கு மூணுதரம் அக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று எண்ணி அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வயது நாற்பத்தாறு. மின்சாரமும் அளவுக் கருவிகளும் அவர் பொறுப்பு. அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று செய்கிறார். ஏணியில் பேசிக்கொண்டே ஏறுவார். கீழே நிற்பவர் பாதிக் கதையை அண்ணாந்துதான் கேட்க வேண்டும்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன வெப்பமானி. அதிலிருந்து எலி வால் மாதிரி ஒரு கம்பி தொங்கும். கேன்டீனில் டீ வந்தால் கம்பியைத் துடைத்து டம்ளருக்குள் விட்டு, "அறுபத்திரண்டு, இப்ப குடிக்கலாம்," என்று எதிரில் இருப்பவருக்கும் சேர்த்து அனுமதி தருவார். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். காய்ச்சல் என்று படுத்தால் மனைவி நெற்றியில் கை வைக்காமல் அக்குளில் கம்பியைச் செருகுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தன்னையும் அடுப்புக் கணக்கில் சேர்த்துவிட்டாள் என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

உண்மையான அடுப்பு முப்பது மீட்டர் நீளம். ஒரு முனையில் மாவு வில்லைகளாக உள்ளே போகும். எஃகுப் பட்டை மெல்ல நகர, அடுத்தடுத்து ஐந்து சூட்டு அறைகளைக் கடந்து மறுமுனையில் பிஸ்கட்டாக வெளியே வரும். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஓர் உணர்கம்பி. அதன் நுனியில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும். சூடு ஏற ஏற அதில் துளியளவு மின்னழுத்தம் பிறக்கும். அந்தத் துளியைப் பேனலில் இருக்கும் மாட்யூல் படித்து, எண்ணாக்கி, திரைக்கும் பர்னருக்கும் சொல்லும். மாட்யூல் என்ன சொல்கிறதோ அதன்படிதான் நெருப்பு ஆடும். "கையளவுப் பெட்டிதான், ஆனா அடுப்புக்கு அதுதான் நாக்கு," என்பார் அக்கா.

எட்டு மாதமாக மூன்றாம் அறையில் அந்த நாக்கு பொய் சொல்லிக்கொண்டிருந்தது. திரையில் இருநூற்று இருபது என்று காட்டும்போது அக்காவின் வெப்பமானி நாற்பது டிகிரி கூடுதலாகக் காட்டும். பிஸ்கட்டின் அடிப்பக்கம் கருகும். அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் அக்காவின் கொழுந்தன், கணவருடைய தம்பி. கருகும் வாசம் வந்ததும் அவர் திரையை நம்பாமல் சூட்டைக் குறைப்பார். சில நேரம் அளவு தப்பிப் பிஸ்கட் வேகாமல் வெளுத்து வரும். மேனேஜருக்கு இரண்டும் ஒன்றுதான். கருவி சரியாக இருக்கிறது, ஆள் சரியில்லை என்றார். அக்காவின் வெப்பமானியை நீட்டினால் அது டீ ஆற்றுகிற பொம்மை என்றார்.

அக்கா விடவில்லை. கோளாறு பழைய மாட்யூலில்தான், மாற்றினால் எல்லாம் நேராகிவிடும் என்று அவர் கேன்டீனில், மாடிப்படியில், மேனேஜரின் கார் கதவருகில் நின்று எட்டு மாதம் வாதாடினார். கடைசியில் மேனேஜர் புது மாட்யூல் வாங்கித் தந்தார், ஒரு நிபந்தனையோடு. புதியது போட்ட பிறகும் மூன்றாம் அறை கருகினால், திங்கட்கிழமையிலிருந்து கொழுந்தனுக்கு அடுப்பு இல்லை. பெட்டி கட்டும் பிரிவில் ஒட்டுநாடா ஒட்டலாம். பதினேழு வருடமாக அடுப்போடு பேசிக்கொண்டிருக்கும் மனிதர் அன்று மாலை முழுக்கத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாட்யூல் வந்த நாளிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே நாளில் நான்கு முறை ஸ்டோருக்குப் போய் அட்டைப் பெட்டியை எட்டிப் பார்த்தார். தொட்டில் பிள்ளையைப் பார்க்க வருகிற மாதிரி வருகிறீர்களே, தூங்குகிறது, எழுப்பாதீர்கள் என்றார் ஸ்டோர்காரர். கையேட்டை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடும்போது வாசித்தார். மகள் தட்டை நகர்த்தி வைத்ததையும் கவனிக்காமல் மேசையைப் பிசைந்தாராம்.

வார விடுமுறை நாளில் வேலை வைத்தார்கள். அடுப்பு முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. காலை பத்து மணிக்கு அக்கா பேனலின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். 'ஆள் உள்ளே வேலை செய்கிறார்' என்ற அட்டையைத் தொங்கவிட்டார். பிளக், பெட்டி, பிளக். மூன்று தரம். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அதன் வயரை எர்த்தில் சேர்த்தார். உடம்பில் ஒட்டிய மின்சாரம் சுருக்கென்று பாய்ந்தால் புது மாட்யூலின் உயிர் போய்விடும். பழையதன் ஒவ்வொரு வயரையும் படம் எடுத்து, எண் சீட்டு ஒட்டிக் கழற்றினார்.

புதியதைப் பேனலுக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் சாய்த்து வைத்து அழுத்தியதும் டக் என்று ஒரு சத்தம். அக்கா கண்ணை மூடித் திறந்தார். "அப்பாடி, உக்காந்துருச்சு."

எந்த வயர் எங்கே இருந்ததோ அங்கேயே போட்டார். ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கிய பிறகு வயரை மெல்ல இழுத்துப் பார்த்தார். ரொம்ப முடுக்கினால் அறுந்துவிடும், விட்டால் ஆடும், நண்பருக்குக் கை கொடுப்பது போல இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளை உணர்கம்பிகளின் பக்கத்தில் அண்டவிடாமல் தனிப் பாதையில் கட்டினார். துளி மின்னழுத்தத்தின் காதில் பக்கத்தில் கிடப்பவன் கத்தினால் அது என்னத்தைக் கேட்கும் என்று கொழுந்தனுக்கு விளக்கினார். கொழுந்தன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, எங்க வீட்லயும் அண்ணனுக்கு இதே கதிதான்," என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அக்கா சிரித்த சிரிப்பில் திருகாணி ஒன்று கீழே விழுந்து, இருவரும் முட்டி போட்டுத் தேடினார்கள்.

பூட்டை எடுத்துக் கரண்ட் கொடுத்ததும் ஐந்து அறைகளும் திரையில் வரிசையாக எழுந்தன. முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று. குளிர்ந்த அடுப்புக்கு அச்சு அசல் பதில். அக்கா கொழுந்தனின் முதுகில் ஓர் அடி வைத்தார், அவர் இருமினார். இரண்டரை மணிக்கு நெருப்பு. எண்கள் ஏறத் தொடங்கின. அறுபது, நூற்றுப் பத்து, நூற்றெண்பது. அக்கா அடுப்பின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அந்த நடையா ஓட்டமா தெரியாத வேகத்தில் போய்வந்துகொண்டிருந்தார். மூன்றேகாலுக்கு மூன்றாம் அறை இருநூற்று இருபதைத் தொட்டு நின்றது.

கொழுந்தன் மூக்கை உயர்த்தினார். முகம் மாறியது.

"அண்ணி, இது இருநூத்தி இருபது இல்ல."

"புதுசு தம்பி. சும்மா இரு."

"புதுசோ பழசோ, அது இல்ல."

அக்கா அந்த அறையின் சோதனைத் துளையில் வெப்பமானியின் கம்பியை விட்டார். இருநூற்று அறுபத்திரண்டு. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். அதே. மற்ற நான்கு அறைகளிலும் திரையும் கம்பியும் ஒத்துப்போயின. மூன்றாவது மட்டும், புது நாக்கிலும், அதே பழைய பொய். நான்கு மணிக்கு ஆட்கள் வருவார்கள், மேனேஜர் வருவார், முதல் மாவு உள்ளே போகும். எட்டு மாதம் மாட்யூல் மாட்யூல் என்று கத்தியது இவர்தான்.

பயப்படுவதற்குப் பதிலாக அக்கா உற்சாகமாவது இந்த மாதிரி நேரத்தில்தான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குளிரில் சரி, சூட்டில் தப்பு. மாட்யூல் இல்லை. அப்படியென்றால் நடுவில் சூடாவது எது? தலை நிமிர்ந்து அடுப்பின் மேற்கூரையைப் பார்த்தார். உணர்கம்பி வெளியே வந்து கேபிளோடு சேரும் சின்னப் பெட்டி அங்கேதான் இருந்தது. அடுத்த நொடி ஏணியில் இருந்தார், இந்தமுறை பேசாமல். கொழுந்தன் பின்னால் ஏறினார்.

கையுறை போட்டு மூடியைத் திறந்தார். மற்ற அறைகளின் கேபிள்களுக்குள் பச்சையும் வெள்ளையும் இருக்கும். இதற்குள் மஞ்சளும் சிவப்பும். வேறு கம்பெனியின் கேபிள். சிவப்பு பிளஸ்ஸில் இருந்தது. வீட்டு பேட்டரியிலிருந்து பேருந்து பேட்டரி வரை சிவப்பு என்றால் பிளஸ்தான். ஆனால் இந்த வகைக் கேபிளில் மட்டும் சிவப்புதான் மைனஸ். கீழே பேனலிலும் இதே கேபிளின் சிவப்பைப் பிளஸ்ஸில்தான் காலையில் முடுக்கியிருந்தார். ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சூடு ஏறும்போது எண் இறங்கியிருக்கும், அன்றைக்கே பிடித்திருக்கலாம். இரண்டு முனையிலும் மாறினால் ஒரு தப்பு இன்னொன்றை மூடிவிடும். இந்தப் பெட்டியும் பேனலும் ஒரே குளிரில் இருக்கும்வரை எதுவும் தெரியாது. பெட்டி சூடானால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல இரு மடங்கு குறைத்துத் திரை காட்டும். அக்கா பெட்டிக்குள் வெப்பமானிக் கம்பியை விட்டார். ஐம்பத்து நான்கு. பேனலுக்குள் முப்பத்து மூன்று என்று பார்த்து வைத்திருந்தார். வித்தியாசம் இருபத்தொன்று. இரு மடங்கு நாற்பத்திரண்டு.

"கணக்கு வந்துருச்சு," என்று ஏணி குலுங்கத் திரும்பினார். அப்போதுதான் கேபிளில் சுற்றியிருந்த வெள்ளைச் சீட்டு கண்ணில் பட்டது. போட்டவர் தேதியும் கையெழுத்தும் எழுதி ஒட்டுவது இங்கே வழக்கம். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. சுழித்து முடியும் அந்தக் கையெழுத்து அக்காவுடையதே. பழைய கேபிள் பொசுங்கிப்போய்ப் புதிதாக இழுத்த நாள் நினைவுக்கு வந்தது. இணைத்துவிட்டு மூன்று தரம் சோதித்தார். மூன்று தரமும் குளிர்ந்த அடுப்பில்.

கொழுந்தனும் சீட்டைப் படித்தார். கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு, கீழே பார்த்து, "மணி மூணரை, அண்ணி," என்றார்.

நெருப்பை அணைத்தார்கள். பேனலுக்கு மறுபடி பூட்டு, அட்டை. மேனேஜர் சீக்கிரமே வந்து வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். அக்கா பிளக், பெட்டி, பிளக் என்று மூன்று தரமும் முடித்த பிறகே பேனலுக்குள் கையை விட்டார். கீழே மாற்றி முடுக்கிவிட்டு, மேலே ஏறி மாற்றி முடுக்கினார். கரண்ட் கொடுத்ததும் திரையில் மூன்றாம் அறை இருநூற்று முப்பத்தெட்டு என்றது. சோதனைத் துளையில் கம்பியும் இருநூற்று முப்பத்தெட்டு என்றது. அக்கா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பள்ளிக்கூட மணி அடித்த பிள்ளை மாதிரி அந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தார்.

மறுபடி நெருப்பு ஏற்றினார்கள். நான்கு மணிக்குப் பதினோரு பேர் அடுப்பின் வாயருகே கூடிவிட்டார்கள். முதல் மாவு உள்ளே போய், ஏழு நிமிடத்தில் வரிசை வரிசையாகப் பொன் நிறத்தில் வெளியே வந்தது. மேனேஜர் ஒன்றைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். இன்னொன்றை உடைத்துப் பார்த்தார். கொழுந்தன் பக்கம் திரும்பாமலே, அடுப்பு உன்கிட்டயே இருக்கட்டும் என்றார். கொழுந்தன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

நடந்தது என்ன என்று மேனேஜர் கேட்க, சிவப்பு வயரின் கதையை அக்கா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அவர் கேட்டுவிட்டு, "சரி, அப்ப இந்த எட்டு மாசக் கருகலுக்குக் காரணமா ரெண்டு பக்கமும் மாத்தி மாட்டுனது யாரு?" என்றார்.

கொழுந்தன் முந்திக்கொண்டார். அப்போது வெளியாட்கள் யார் யாரோ வந்து போனார்கள், கேபிள் இழுத்தவன் எவன் என்று யாருக்குத் தெரியும், விடுங்கள் சார் என்று வார்த்தைக்கு வார்த்தை வேகமானார். நன்றாகவே சொன்னார். பதினோரு பேரும் நம்பத் தயாராக இருந்தார்கள். மேனேஜர் தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார்.

அக்கா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை. அது இருந்த கையையே தலைக்கு மேல் நேராக உயர்த்தி, மேனேஜர் பார்க்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.