கூடார வண்டி நனைந்த நாள்

செவ்வாய்க்கிழமை காலை ஞானம் அக்காவின் மகன் அழைத்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். நித்திரையிலேயே போய்விட்டாராம். பால் பொங்கி வழிந்தது. "நித்திரையிலையோ? உண்மையா நித்திரையிலையோ?" என்று இரண்டு தரம் கேட்டேன். என்ன மனுசி இவ என்று அவன் நினைத்திருப்பான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அன்ரி, அம்மாவுக்கு உடுத்திவிட உடுப்புக் குடுக்கச் சொல்லிச் சவச்சாலைக்காரர் சொல்லினம். சீலை எடுத்து வைச்சிட்டன். கட்டிலடியிலை இருக்கிற சப்பாத்தையும் குடுக்கட்டோ?" "பொறு, நான் வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சப்பாத்து என்ற சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

ஞானம் அக்காவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் என்னையும் தெரியும், ஒரு கேலிக்கதையின் மூலமாக. "மழை வந்தா எழுப்படி எண்டு பவானியை நம்பிப் படுத்தன். அவள் குறட்டை விட்டு என்ரை வண்டியைப் பூஞ்சணம் பிடிக்க விட்டிட்டாள்." கலியாண வீடோ பிறந்தநாளோ, அவர் இதைச் சொல்லாத கூட்டம் இல்லை. நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அந்தக் கதையில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிக்கொண்டும் இருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி, இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த புதிது. கோட்-டெ-நேஜ் பகுதியில் மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஏழு பெண்கள். எனக்கும் அக்காவுக்கும் டோர்வல் விமான நிலையத்தில் இரவு வேலை. பயணிகள் இறங்கிய விமானங்களைத் துப்புரவாக்க வேண்டும். நித்திரை பகலில்தான். அதுவும் எனக்குத்தான் நித்திரை. அக்கா சப்பாத்தைக் கழற்றாமல், கைப்பையைத் தோளில் மாட்டியபடி, சுவரில் சாய்ந்து இருப்பார். படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் கண் கதவுக்குப் போய்விடும். திருகோணமலையில் கலவரத்தின்போது அவருடைய வீட்டுக்கு நெருப்பு வைத்தபோது, உடைந்த கண்ணாடிக்கு மேலால் வெறுங்காலோடு ஓடியவர். குதிக்காலில் நீளமான தழும்பு இருந்தது.

கணவரும் குழந்தையும் இந்தியாவில் ஒரு முகாமில் இருந்தார்கள். அகதி விசாரணையில் இவரை ஏற்றுக்கொண்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அதுவரை வேலையும் வேண்டும், உடம்பும் தாங்க வேண்டும். உடம்பு தாங்கவில்லை. விமான இருக்கைகளுக்கு நடுவில் இரண்டு தரம் மயங்கி விழுந்தார். இன்னொரு தரம் விழுந்தால் வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். நித்திரைக் குளிசை எடுங்கோ என்று நான் கெஞ்சினேன். "குளிசை போட்டா எழும்பேலாதடி. எழும்பி ஓட வழி இருந்தாத்தான் எனக்குப் படுக்கேலும்" என்றார். எங்கள் வீட்டுக்கோ ஒரே ஒரு கதவு.

ஒரு வசந்த காலத்தில், தெப்பனர் என்று நாங்கள் சொல்லும் மூலைக்கடையின் அறிவித்தல் பலகையில் விற்பனைக்கு இருந்த ஒரு கூடார வண்டியின் படத்தைக் கண்டார். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற தட்டையான பெட்டி. கைபிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் கட்டில் வெளியே நீளும், சுவர் முழுக்கத் தடித்த துணி. என்னுடைய பழைய காரில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊருக்குப் போனோம். வண்டியை விற்கவிருந்த கிழவர் அதன் அடுப்பைக் காட்டினார், தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். அக்கா ஒன்றையும் பார்க்கவில்லை. "உள்ளுக்கிருந்து வெளியிலை வர எத்தனை வழியெண்டு கேள்" என்றார். மொழி வகுப்பில் நான் பொறுக்கிய பிரெஞ்சில் கேட்டேன். கிழவர் கதவைக் காட்டினார், பிறகு யோசித்து, ஒவ்வொரு துணி ஜன்னலின் ஜிப்பையும் இழுத்துக் காட்டினார். அக்கா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாலும் ஏறிக் குதித்துப் பார்த்தார். "நாலு" என்றார். அத்தோடு வியாபாரம் முடிந்தது.

எங்களுக்கு நிறுத்த இடமில்லை என்றதும், தன் வளவிலேயே விட்டுவைக்கக் கிழவர் சம்மதித்தார். அங்கேதான் திறந்து பழகினோம். சில்லுக்கு அடைகட்டை வை, மூலைக்கால் நாலையும் இறக்கு, அதற்குப் பிறகுதான் கட்டிலை இழு என்று அவர் சொல்லியிருந்தார். நாங்கள் கட்டிலை முதலில் இழுத்தோம். அக்கா நுனியில் ஏறி இருந்தார். வண்டி அப்படியே மறுபக்கம் தூக்கிக்கொண்டு கவிழ, அக்கா புல்லில் உருண்டார். ஓடிப்போய்த் தூக்கினால் சிரிக்கிறார். ஒரு வருடம் ஒரே அறையில் இருந்தும் அவருடைய சிரிப்பை நான் கேட்டது அன்றுதான். கிழவர் வந்து தலையில் கைவைத்தார். போகும்போது ஒன்றை மட்டும் மூன்று தரம் சொன்னார்: துணி நனையமுன் மடித்துவிட வேண்டும். நனைந்தால் அடுத்த நாளே திறந்து காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம்.

வீட்டில் நல்ல பேச்சு வாங்கினோம். "புருசனும் பிள்ளையும் முகாமிலை கிடக்க, இவ கூடாரம் அடிச்சு விளையாடப் போறா" என்று ஒருத்தி அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குக் கை பரபரத்தது. அக்கா சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "போட்டு வாறம்" என்று மட்டும் சொன்னார். காரில் அழுதார்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு வண்டியைக் கொழுவிக்கொண்டு ஆற்றங்கரைத் திடல் ஒன்றுக்குப் போனோம். பின்னேரம் அதைத் திருப்பிக் கிழவரின் வளவில் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போக வேண்டும். இந்த முறை மூலைக்கால்களை முதலில் இறக்கினோம். அக்கா நாலு வழியையும் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "வானம் கறுத்தா என்னை எழுப்பு, மடிச்சுப் போடுவம்" என்று சொல்லிவிட்டு, சப்பாத்தோடும் கைப்பையோடும் படுத்தார். நான் எதிர்க் கட்டிலில் படுத்தேன்.

எனக்குக் கண் சொருகியது உண்மை. பொத்தென்று ஒரு சத்தம் கேட்டுப் பார்த்தேன். அக்காவின் ஒரு சப்பாத்து தரையில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வெறுங்கால் மற்றக் காலைத் தேய்த்துத் தேய்த்து, இரண்டாவதையும் தள்ளிவிட்டது. கண் திறக்கவில்லை. கைப்பை தோளிலிருந்து நழுவியது. வாய் திறந்து, குழந்தை மாதிரி மூச்சு விட்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஆற்றுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எழும்பி அவரிடம் போனேன். தோளில் வைக்க நீட்டிய கை அப்படியே நின்றது. முதல் துளி விழுந்தது. இப்போது எழுப்பினால் மடித்துவிடலாம். வண்டி கெட்டால் இந்த மனுசிக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் எழுப்பினால், இந்த நித்திரை இன்னொரு நாள் வரும் என்று யார் சொன்னது? போய் இருந்தேன், திரும்ப எழும்பினேன், மணிக்கூட்டைப் பார்த்தேன். மழை கொட்டத் தொடங்கியது. மேற்பக்க ஜிப்பால் தண்ணீர் உள்ளே வர, என் கம்பளிச் சட்டையை அதில் அடைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அவர் அசைகிற சத்தம் கேட்டதும் மணிக்கூட்டை ஒருதரம் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எடியே பவானி! என்னடி நித்திரை இது? துணியெல்லாம் தோய்ஞ்சு போச்சு!" என்று என் முதுகில் ஒன்று போட்டார். "ஐயோ அக்கா, தெரியாமல் கண்ணயர்ந்திட்டன்" என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டதால் ஈரத்தோடேயே மடித்தோம்; மறுநாள் போய்க் காயவிடவும் முடியவில்லை. அடுத்த சனி திறந்தபோது கூரையோரம் கறுப்பாகப் பூத்திருந்தது. வினாகிரி போட்டுத் தேய்த்தும் அது போகவேயில்லை. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் அக்கா அந்தக் கறுப்புக்குக் கீழே படுத்தார். பிறகு வேலையில் அவர் விழவில்லை. விசாரணைக்குத் தெளிவான கண்ணோடு போனார். கணவரும் மகனும் வந்து சேர்ந்தார்கள். அதன் பின் வீட்டிலும் சப்பாத்தைக் கழற்றித்தான் படுத்தார். ஆனால் கட்டிலடியில், முனை கதவைப் பார்க்க, கடைசிவரை வைத்திருந்தார்.

ஏன் இத்தனை வருடம் உண்மையைச் சொல்லவில்லை? நான் காவல் நின்றேன் என்று தெரிந்திருந்தால், அடுத்த சனிக்கிழமை என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு அவர் காவல் இருந்திருப்பார். அப்படிப்பட்ட மனுசி என்று உங்களுக்குத் தெரியும். பின்னாளில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரித்த சிரிப்பு, புல்லில் உருண்ட அன்று கேட்ட அதே சிரிப்பு. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய் மத்தியானம் மகன் வீட்டுக்குப் போனேன். சப்பாத்து கட்டிலடியில், கதவைப் பார்த்தபடி இருந்தது. "வேண்டாம் தம்பி. அம்மா வெறுங்காலோடை படுக்கட்டும்" என்றேன். "அம்மா சப்பாத்தில்லாமல் ஓரிடமும் போகமாட்டா, அன்ரி" என்றான். "இனி ஓடுற அலுவல் அவவுக்கு இல்லையடா" என்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தச் சப்பாத்தை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். என் வீட்டு வாசலில், முனை உள்ளே பார்க்க வைத்திருக்கிறேன். அதோடு இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. அக்கா, நீங்கள் அன்றைக்குத் தூங்கியது ஐந்து மணித்தியாலமும் இருபது நிமிடமும். ஒரு நிமிடமும் விடாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.