முந்தியில் கட்டிய ஒற்றைக்கால் கிளி

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்போல் இல்லை, முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுகிறவள். போன வாரம் தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் தூண் சிலைகளைப் போனில் படம் பிடித்து வந்தாள். அதிலிருந்து ஒரு பறவையைக் கோடாக வரைந்து ஏதோ ஒன்றைத் தொட்டாள். திரை முழுக்க அதே பறவை வரிசையாக நிறைந்துவிட்டது. சின்ன வயதில் நானும் அந்தக் கோயில் கிளியைச் சேலையில் இறக்கியிருக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று பிடித்துக்கொண்டாள்.

அப்போது சின்னாளபட்டியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மா சுங்குடி கட்டுவாள். வெள்ளைச் சேலையைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்குவது. சாயத்தில் முக்கி விரித்தால் கட்டின இடம் மட்டும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். முதலாளி மகளின் கல்யாணத்துக்கென்று ஒரு சேலை வந்திருந்தது. அது நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா படுக்கையில் கிடந்த சமயம். அம்மாவின் விரலை நம்பித்தான் வீட்டில் உலை வைத்தோம்.

அந்த வாரம் மாமா என்னைத் தாடிக்கொம்புக்கு அழைத்துப் போனார். தூணில் ஒரு பெண் சிலை, கையில் கிளி. நான் அதைவிட்டு நகரவில்லை. வீட்டுக்கு வந்து சிலேட்டில் போட்டேன், கரியால் சுவரில் போட்டேன், களிமண்ணில் பிடித்தேன். எதிலும் கிளி வரவில்லை. நூலில் வருமா பார்ப்போம் என்று, அம்மா தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் கல்யாணச் சேலையின் முந்தியில் கட்டினேன். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினேன். ஒரு கால் முடிந்ததும் வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. மற்றக் கால் கட்டாமலே நின்றுபோயிற்று.

மறுநாள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஒரு முடிச்சை ஊசியால் நெம்பிப் பார்த்தாள். துணி இழை விட்டது, அவிழ்த்தால் கிழிந்துவிடும். அப்படியே வைத்துவிட்டு என்னைச் செத்த நேரம் பார்த்தாள். அடிக்கவில்லை.

“மாமாவோட கன்னிவாடிக்குப் போ. ரெண்டு நா பெரியம்மா வீட்ல இரு.”

என்னைத் தள்ளிவைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். இனி அங்கேதான் வளரவேண்டும் என்று முடிவுசெய்து, பெரியம்மா வீட்டுக் கன்றுக்குட்டிக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது சேலை சாயம் போட்டுக் காய்ந்திருந்தது. அம்மாவும் முதலாளியம்மாவும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்தன. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அரக்குச் சிவப்பில், முந்தியின் குறுக்கே, வரிசையாகப் பதினொரு கிளி.

“ஏன் புள்ள, இது கிளியா கோழியா?” என்றார் முதலாளியம்மா.

“கிளிதான்க்கா. தாடிக்கொம்புக் கோயில் கிளி.”

“ஒத்தக் காலுல நிக்குது?”

“அங்கன அப்படித்தான் நிக்குது.”

முதலாளியம்மா குலுங்கிச் சிரித்தார். மகளுக்குப் பிடிக்கும் என்றார். அடுத்த சேலைக்குத் துணி அனுப்புகிறேன், அதிலும் இம்புட்டுக் கிளி போட்டுவிடு என்று சொல்லிப் போனார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. உடனே பசித்தது.

நான் கட்டியது ஒரு கிளி. துணி மடிந்து கிடந்ததால் அது பலவாக விழுந்துவிட்டது என்று நினைத்து, தெருப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். மடிப்பில் விழுந்தால் ஒன்றையொன்று பார்த்தபடி விழும் என்று அப்போது தெரியவில்லை. அத்தனையும் ஒரே பக்கம் பார்த்தன. அத்தனைக்கும் என் கிளியின் கோணல் வால், ஒற்றைக் கால். அன்று அம்மா எனக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டவில்லை, கரண்டியால் போட்டுத் தள்ளி வைத்தாள். அவள் விரல்நுனிகள் வெடித்திருந்தன. கோபம் இன்னும் தீரவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு நான் சாப்பிட்டேன்.

பதினொன்று என்று எழுதிவிட்டேன், பதிமூன்றாகவும் இருக்கலாம். அந்தச் சேலையைக் கட்டிய முதலாளி மகள் சின்னாளபட்டியில்தான் இருக்கிறார். யாராவது கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். அம்மா கட்டியதில் ஒன்றுகூடக் குறையக்கூடாது.