பென்சிலில் இருந்த சட்டம்

எங்கள் பனியன் கம்பெனியில் முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மிஷின் வைத்தார்கள். அதற்குச் சட்டம் எழுதும் முன் எங்களிடம் கேட்க ஓர் அதிகாரி வந்தார்.

“ஏதாச்சும் சிரமம் இருக்குங்களாம்மா?”

“ஒண்ணுமில்லீங்க.” படிக்காதவள் மிஷினுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துவிடக் கூடாதே என்ற வீம்பு எனக்கு. அவரும் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

பக்கத்தில் நூல் வெட்டும் செல்வி முறைத்தாள். “ஏனுங்க்கா, சாயங்காலம் மூஞ்சியெல்லாம் பஞ்சு அப்பிக்கிட்டா அதுக்கு நம்மளத் தெரியறதில்லையே. எனக்கு அரைநாள் கூலி போயிருச்சே!”

வாசலுக்கு ஓடி அவரை நிறுத்தினேன். “நாஞ் சொன்னது பொய்யுங்க சாமி. என்னையும் அதுக்கு அடையாளந் தெரியலீங்க.”

பஞ்சு படிந்த முகத்தோடு என்னை மிஷின் முன் நிற்கச் சொன்னார். அது என்னை யாரென்றே கண்டுகொள்ளவில்லை. அவர் ரப்பரை எடுத்து, எழுதியிருந்ததை அழித்தார்.

சட்டமெல்லாம் டெல்லியிலிருந்து அச்சாகித்தான் வரும் என்றிருந்தேன். இப்போது எந்த அதிகாரி வந்தாலும், கையில் பேனாவா பென்சிலா என்று முதலில் எட்டிப் பார்க்கிறேன்.